தனிக்குன்றும் அடியார் கூட்டமும்

மலையைக் கண்டவிடத்து இறைவனை நினைதல் தமிழ்மக்களுக்குப் பழகிய வழக்கு. குறிஞ்சி நிலத்துக்குச் சேயோனை உரிய தெய்வமாகத் தொல்காப்பியனார் வைத்த நாள்தொட்டு இவ்வழக்கு இடையறாது வருகின்றது. சமயகுரவர் பாடியருளிய தலங்களுள் கயிலை, அண்ணாமலை, காளத்தி, சிராப்பள்ளி, ஈங்கோய்மலை, கொடுங்குன்றம், பரங்குன்றம் என மலையோடு இயைந்தன பல. அவற்றுட் சில இன்று பெருங்கூட்டம் திரளும் இடங்களாய் விளங்குகின்றன. அங்குச் செல்வார்க்கு வழிகாட்டுவார் வேண்டியதில்லை. முன்னே செல்வாரைப் பின்பற்றினாற் போதும். ஈண்டுச் சொல்லப் புகுவது அத்தகைய மலைகளைப் பற்றியன்று. பெயரளவில் அறியப்பட்டு, கால்படாமற் கிடக்கும் சிறு குன்றுகளைப் பற்றியதாகும்.

மயிலை கடற்கரைத் தலம். மணல்மேடன்றி மலையென்று ஒன்று அதற்கில்லை. ஆயினும் மயிலையே கயிலை என்று வழங்குதல் அன்பர் அறிந்ததே. அவ்வழக்கைக் கேட்டு, மலையில்லாத ஊருக்கு மலையின் பெயர் எங்ஙனம் வந்தது என்று வினவும் சிறுவர்க்கு, விடை தேடித் தென்மேற்கே நடந்தால் போதும் என்று சொல்லலாம். அடையாற்றின் கரையிற் சைதாப்பேட்டையை அடுத்துள்ள சின்னமலையிற் பாறை தலைகாட்டுகிறது. பின்னர்ப் பரங்கிமலை, அதற்கப்பால் திருசூலம், பல்லாவரம், திருநீர்மலை, மேற்கே ஒதுங்கிக் குன்றத்தூர், தெற்கே வண்டலூர், திருப்போரூர், முடிவிலே திருக்கழுக்குன்றம். இவற்றுள் எதுவும் 1000 அடி உயர்ந்ததன்று. பரங்கிமலை 300 அடி அளவினதே. மேலைத்தொடர்ச்சி மலையைக் கண்டவர் இவற்றை மேடு என்று சொல்லி நகுவர். ஆனால் இமயத்தின் முடிகளை அளந்த நில அளவைப் பெருவேலைக்கு, வில்லியம் லாம்டன் என்பார் 1802ஆம் ஆண்டில் முதல் அடிக்கோடு இட்டது இப்பரங்கிமலையின் அடியிலிருந்தே என்பதை நினைத்தால் அந்நகை சற்றே அடங்கும்.

மயிலைத் திருக்கோயிலுக்கு அண்மையில் ஒரு தெருவில் முதிய அன்பர் ஒருவர் வாழ்கின்றார். ஓர் அலுவலகத்திற் கணக்கராயிருந்து ஓய்வு பெற்றவர். சிவதீக்கை பெற்றவர், மெய்கண்ட சாத்திரங்களை முறையாகப் பாடங் கேட்டவர். இவரும் இவர்தம் மனைவியாரும் பல்லாண்டுகள் திங்கள்தோறும் நிறைமதி நாளில் அண்ணாமலைக்குச் சென்று, 14 கிலோமீட்டர் மலைவலம் வந்து மீள்வதைத் தவறாது செய்து வந்தனர். திருமுறை ஓதும் அன்பர்கள் பதின்மர் உடன் செல்வர். மனைவியார் இறைவன் திருவடி சேர்ந்த பின்னரும் அவர் செல்வதை நிறுத்தவில்லை. ஒரு நிறைமதி இரவில் இலக்கக்கணக்கான மக்களிடையே நெருக்குண்டு நடந்து முடித்து, கிழக்குக் கோபுரத்தின் முன் வந்து நின்றபொழுதுதான், புறப்பட்டது முதல் அதுகாறும் முன்செல்வார் குதிகாலையன்றி வேறொன்றையும் தாம் கண்டிலர் என்பது அவர் நினைவுக்கு வந்தது. மலையை ஒருமுறையேனும் நிமிர்ந்து நோக்கினாரா என்று எண்ணிப் பார்த்தார், நோக்கினதாக நினைவில்லை. கூட்டத்தின்மேல் அவர்க்கு வெறுப்பு எழவில்லை. அவ்வளவு பேரும் அன்பினாலன்றோ வந்தனர்? எனினும் அடுத்த நிறைமதிக்கு அவர் அண்ணாமலைக்குச் செல்லவில்லை. விடியற்காலையில் மாம்பலத்தில் மின்தொடர்வண்டி ஏறித் திருசூலத்தில் இறங்கினார்.

திருசூலத்தில் இறங்குவோர் பெரும்பாலும் வானூர்தி நிலையத்துக்குச் செல்பவரே. அவர்கள் ஒருபுறமாகச் செல்ல, மறுபுறம் குடியிருப்புகளின் ஊடே செல்லும் தெரு குன்றுகளுக்கிடையே புகுகின்றது. அங்கே சோழர் காலத்துக் கற்றளி ஒன்றுண்டு. இறைவன் திருசூலநாதர், இறைவி திரிபுரசுந்தரி. கல்வெட்டுக்களில் ஊர்ப்பெயர் திருச்சுரம் என்று காணப்படுகின்றது. சுரம் என்பது கடத்தற்கரிய வறண்ட வழி. பாறைகள் சூழ்ந்த அவ்விடத்துக்கு அப்பெயர் எத்துணைப் பொருத்தம் என்பது நண்பகலில் அங்கு நின்றவர்க்குத் தெரியும். கோயிலைச் சூழ்ந்த குன்றுகள் நான்கும் நான்மறைகளே எனத் தலமரபு கூறும்.

அன்பர் சென்ற நாளில் கோயிலில் குருக்கள் ஒருவரும், வாயிலிற் பூவிற்கும் அம்மையார் ஒருவருமே இருந்தனர். வழிபாடு முடித்து வெளியே வந்து, ஏறுதற்குத் தடையில்லாத பாறையளவும் ஏறி அமர்ந்தார். அமைதியைத் தேடிச் சென்றார் என்று சொல்வதற்கும் இடமில்லை. தலைக்குமேல் வானூர்திகள் பேரொலியோடு எழுவதும் இறங்குவதுமாய் இருந்தன. ஆயினும் ஓர் ஊர்திக்கும் மற்றோர் ஊர்திக்கும் இடையே கிடைத்த சிறு பொழுதில் பாறையின் வெம்மை கைக்குத் தெரிந்தது. குருக்கள் அடித்த மணியோசை கேட்டது. மலையை நிமிர்ந்து பார்க்கவும் முடிந்தது. அண்ணாமலையில் கூட்டத்திடையே கிட்டாத அது இங்கே கேளாமற் கிட்டியது.

அப்பாறையின் வரலாறும் சொல்லத்தக்கது. கருநீலமும் சாம்பலும் கலந்த நிறமுடைய இக்கல்லுக்கு நிலநூலார் சார்னோகைட் என்று பெயர் வைத்துள்ளனர். கல்கத்தாவில் அடங்கிய ஜாப் சார்னாக் என்னும் ஆங்கிலேயரின் கல்லறைக்கல் இவ்வகையினது என்று கண்டு, தாமஸ் ஹாலண்டு என்பார் 1893ஆம் ஆண்டில் இட்ட பெயர் அது. பல்லாவரத்துக் குன்றுகளில் உள்ள கல் அதுவேயாகும். இதன் அகவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டு என்பர். பரங்கிமலையில் உள்ள இப்பாறையை நாட்டின் நிலநூற் சின்னமாகக் காத்து வருகின்றனர். நம் குன்று ஒன்று அயலார் ஒருவர் கல்லறையாற் பெயர் பெற்றது விந்தையே. கோடிக்கணக்கான ஆண்டு என்று கேட்டு வியப்பவர் வியக்கட்டும். மாயையினின்று தோன்றி மாயையில் ஒடுங்கும் உலகுக்குக் கால எல்லை பெரிதாயினும் சிறிதாயினும் ஒன்றே என்பது சித்தாந்திக்குப் புதிதன்று. ஆனால் இத்துணை நெடுங்காலம் நின்ற பொருள் எத்துணைக் குறுகிய காலத்தில் மறையக்கூடும் என்பது புதிது. அதனைப் பின்னர்க் கூறுவாம்.

திருசூலத்துக்கு அடுத்தது பல்லாவரம். இங்குள்ள குன்றில் மகேந்திரவர்ம பல்லவர் குடைவித்த குகைக்கோயில் உள்ளது. அம்மன்னரின் விருதுப்பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. இன்று அவ்விடம் முகம்மதிய அன்பர்களின் தர்காவாக வழிபாட்டில் இருக்கின்றது. 1863ஆம் ஆண்டு மே மாதத்தில் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலநூலார் இப்பல்லாவரத்திலேதான் சரளைமண்ணிற் கிடந்த பழங்கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்நாட்டில் மனிதர் மிகத் தொன்றுதொட்டு வாழ்ந்தனர் என்னும் ஆராய்ச்சிக்கு அதுவே தொடக்கமாயிற்று.

சைவர்க்குப் பல்லாவரம் வேறொரு வகையாலும் உறவுடையது. சைவசித்தாந்த மகாசமாசம் 1905ஆம் ஆண்டில் தோன்றுதற்கு முன்னின்றவருள் ஒருவராகிய மறைமலையடிகள், கல்லூரி ஆசிரியப் பணியினின்று நீங்கி 1911ஆம் ஆண்டில் வந்து தங்கியதும், 1950ஆம் ஆண்டு செப்டம்பரில் மறையுமளவும் உறைந்ததும் இவ்வூரிலேயே. நகரின் சந்தடியை விட்டு அடிகள் இக்குன்றுகளின் நிழலைத் தேடினார். அவர்தம் இயற்பெயர் வேதாசலம். திருக்கழுக்குன்றத்து இறைவனை வேண்டிப் பெற்ற பிள்ளையாதலின் பெற்றோர் இட்ட பெயர் அது. அசலம் என்பது மலை, வேதம் மறை. பின்னர் அவரே தமிழாக்கி மறைமலை எனக் கொண்டார். ஆகவே ஒரு மலையின் பெயரைத் தாங்கி மற்றொரு மலையினடியில் வாழ்ந்தார் எனலாம்.

பல்லாவரத்தில் நடக்கும்பொழுதே அன்பர் ஒரு பழக்கத்தை மேற்கொண்டார். வழியில் உடைந்த புட்டிகளும் நெகிழித்தாள்களும் கிடந்தன. கள்ளுண்டார் எறிந்த கண்ணாடித்துண்டு ஒன்று அவர் காலணியையும் துளைத்தது. அடுத்த முறை ஒரு சாக்குப்பையும் சிறு குறடும் எடுத்துச் சென்றார். அப்பர் பெருமான் கையில் உழவாரம் இருந்தது. நம் காலத்துக் குன்றுக்கு இதுவே உழவாரம் போலும் என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். சரியை என்பது திருக்கோயிலை அலகிடுதலும் மெழுகுதலும் என்று ஓதியவர், மலையே இறைவன் திருமேனி என்று சொல்லிவிட்டு அதனை அலகிடாது விடுதல் எங்ஙனம் பொருந்தும்?

இனி முன்னர்க் கூறிய செய்திக்கு வருவாம். இக்குன்றுகளில் பலவற்றைக் காணவேண்டுமாயின் மேல்நோக்கிப் பயனில்லை, கீழ்நோக்க வேண்டும். திருசூலம், பல்லாவரம், பம்மல் முதலிய இடங்களிற் பல்லாண்டுகள் வெடிவைத்துப் பிளந்து, கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் ஜல்லியாக எடுத்துச் சென்றமையால், குன்று நின்ற இடங்களிற் பெருங்குழிகள் உண்டாயின. மழைநீர் நிரம்பி அவை மடுக்களாகக் கிடக்கின்றன. குன்றத்தூரை அடுத்த சிக்கராயபுரத்துக் கற்குழிகளை அன்பர் சென்று கண்டார். 2017ஆம் ஆண்டின் கடும் வறட்சியில் சென்னைக்குக் குடிக்க நீரில்லாதபொழுது, இக்குழிகளின் நீரையே செம்பரம்பாக்கத்திற்குக் கொண்டுபோய்த் தூய்மை செய்து நகருக்கு விட்டனர். 2019ஆம் ஆண்டிலும் அங்ஙனமே. செங்குத்தான பாறைச் சுவர்களின் நடுவே ஆழ்ந்து பசுத்துக் கிடக்கும் அந்நீரைப் பார்த்தவர்க்கு, அது மலையொன்றைக் கவிழ்த்து வைத்த வடிவமாகவே தோன்றும். மாநகரம் முதலிற் குன்றைத் தின்றது. பின்னர் அதன் வடுவிற் தேங்கிய நீரையும் பருகிற்று. பழித்தற்கு எவருக்கும் வாயில்லை. அன்பர் வாழும் வீட்டின் தளமும் ஏதோவொரு குன்றின் துண்டே. திருசூலத்துத் திருக்கோயிலும் மலையை உடைத்து எழுப்பியதன்றோ என்று ஒருவர் கேட்பின் அதுவும் மெய்யே. ஆனால் சோழர் காலத்துத் தச்சர் மலையிற் சிறிது எடுத்து மலைக்கே சூட்டினர். நம் காலத்தார் எடுத்ததை வேறிடத்துக்குக் கொண்டுபோயினர்.

எக்குன்றுகள் எஞ்சின என்று அன்பர் எண்ணிப் பார்த்தார். உச்சியில் ஒரு கோயிலோ, பள்ளியோ, தேவாலயமோ இருந்து, ஏறுவார் சிலரேனும் நாள்தோறும் இருந்த குன்றுகள் பெரும்பாலும் எஞ்சின. பரங்கிமலையில் ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் 18ஆம் நூற்றாண்டிற் கட்டுவித்த படிகள் இன்றும் ஏறப்படுகின்றன, மலையும் நிற்கின்றது. திருநீர்மலையில் வைணவ அன்பர் ஏறுகின்றனர், அதுவும் நிற்கின்றது. ஒருவரும் ஏறாத குன்று ஏட்டில் வெறும் பாறை என்றே பதிவாகும். பாறையென்று பதிவானது விரைவில் ஜல்லியாகும். இவ்வெண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியபின் அவர்தம் நடை தமக்காக மட்டும் நிகழும் நடையாக இல்லை.

இந்நிலையில் ஒரு தடை எழுந்தது. அண்ணாமலைக்கு உடன் வந்த பழைய நண்பர், அடையாற்றில் வாழ்பவர், சித்தாந்த நூல்களில் வல்லவர், ஒரு நாள் இவர் வீட்டுக்கு வந்து வெளிப்படையாகவே கேட்டார்.

“தாங்கள் கூட்டத்தை விட்டுத் தனியே குன்று குன்றாய்த் திரிவதாகக் கேள்வியுற்றேன். சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம் யாது கூறுகின்றது? மலங் கழுவிய அன்பரொடு கூடச் சொல்கிறதா, அவரைவிட்டு ஓடச் சொல்கிறதா?”

வினா கூரியது. மெய்கண்ட தேவர் நூலின் முடிந்த முடிபு அது. அன்பரொடு கூடி, அவர் திருவேடத்தையும் திருக்கோயிலையும் அரன் எனவே தொழுதல், ஞானம் பெற்ற உயிருக்கும் விதிக்கப்பட்டது. யோகியர் காட்டை நாடுதல் பிறர் நெறி. கூட்டத்தை நாடுதல் நம் நெறி. இதனை மறுத்தற்கு இடமில்லை.

அன்பர் முதலில் வாயிலார் நாயனாரை எடுத்துக் காட்டினார். “அவரும் நம் மயிலையினரே அன்றோ ஐயா? புறத்தே ஒன்றும் வேண்டாது, மறவாமையைக் கோயிலாக்கி, உணர்வை விளக்காக்கி, ஆனந்தத்தைத் திருமஞ்சனமாக்கி, அன்பை அமுதாக்கி வழிபட்டார் என்று சேக்கிழார் பெருமான் கூறவில்லையா?”

“கூறினார். அவ்வாயிலார் எம்மலைக்குச் சென்றார்? உள்ளே கோயில் கட்டத் தெரிந்தவர்க்கு மாம்பலத்து வண்டி எதற்கு?” என்றார் நண்பர்.

அன்பர்க்கு விடை தோன்றவில்லை. நண்பர் வென்றதாகக் கருதி மகிழவுமில்லை; இருவரும் மோரருந்திப் பிரிந்தனர். உண்மையில் அவ்வினா அன்பரை வருத்திற்று. தாம் துயரத்தாற் கூட்டத்தை வெறுத்தாரோ, மனைவியாரோடு நடந்த வழியிற் தனித்து நடக்க ஆற்றாமல் விலகி அதற்குச் சமயத்தின் பெயரிட்டாரோ என்னும் ஐயம் அவரை விடவில்லை. இரண்டு நிறைமதிகள் அவர் எங்கும் செல்லவில்லை.

மூன்றாந் திங்களில் குன்றத்தூருக்குச் சென்றார். அது சேக்கிழார் பெருமான் அவதரித்த ஊர். அநபாயச் சோழரின் அமைச்சராயிருந்த அப்பெருமான் சோழநாட்டுத் திருநாகேச்சரத்தின்பால் வைத்த அன்பினால், தம்மூரிலும் அப்பெயரால் ஒரு கோயில் எடுப்பித்தார். ஊரின் குன்றிலே முருகன் கோயில் 84 படிகளின்மேல் உள்ளது. செவ்வாய் வெள்ளிகளில் மக்கள் திரள்வர். மற்றை நாளிற் காலையில் அமைதியாயிருக்கும். படியேறும்பொழுது அன்பர்க்குக் கண்ணப்பர் புராணம் நினைவுக்கு வந்தது. பொன்முகலி கடந்து காளத்திமலை ஏறும் திண்ணனாரைப் பாடுமிடத்து, நாணனும் அன்பும் முன்னே ஏற, அவர் பின்னே தத்துவங்களாகிய படிகளில் ஏறினார் என்று பொருள்படச் சேக்கிழார் அமைத்திருக்கின்றார். 36 தத்துவங்களையும் கடந்தாலன்றிச் சிவனைக் காண்டல் கூடாது என்னும் சித்தாந்தம், கல்லாத வேடர் ஒருவரின் கால்நடையில் வைத்துக் காட்டப்பட்டது. இதனைப் பலகாலும் ஓதியவரே அவர். ஆயினும் ஓதியபொழுதெல்லாம் ‘அன்பு முன்னே ஏறியது’ என்பதையே கருதி, நாணன் உடன் ஏறினான் என்பதைக் கடந்து போயிருந்தார். திண்ணனார் தனியே ஏறவில்லை. ஒரு துணைவன் உடனிருந்தான். அம்மலையில் தேவர் இருக்கின்றார், கும்பிடலாம் என்று சொன்னவனும் அவனே. அவன் சொல்லாதிருந்தால் திண்ணனார் அன்று பன்றியூனைத் தின்று வீடு திரும்பியிருப்பார்.

பாதிப்படியில் அமர்ந்து அன்பர் இதனை நெடுநேரம் எண்ணினார். இப்படிகளைக் கல்லில் அடித்தவன் எவன்? ஒவ்வொரு படியின் நடுவும் தேய்ந்திருக்கின்றதே, தேய்த்த கால்கள் எவருடையன? திருசூலத்தில் ஒருவரும் வாராத நண்பகலிலும் திரியைத் தூண்டி நிற்கும் குருக்கள், விற்றாலும் விற்காவிடினும் கூடையோடு வந்து அமரும் அம்மையார், இவர்கள் கூட்டமல்லரா? கூட்டம் என்பதற்கு எண்ணிக்கை எத்தனை என்று எந்நூலும் வரையறுக்கவில்லை. அண்ணாமலையில் பல இலக்கம் அன்பர் உளர். அவர்களுக்கு இன்னும் ஒருவர் சென்று கூடவேண்டிய குறையில்லை. திருச்சுரத்தில் இருவர் உளர். மூன்றாமவர் செல்வாராயின் அது கூட்டமாகும். பன்னிரண்டாஞ் சூத்திரம் விடச் சொன்ன இடம் இது என்பதினும், சென்று கூடச் சொன்ன இடம் இது என்றல் பொருந்தும். ஆனால் நாணனைப்போல் ஒருவனைத் தாம் அழைத்துச் செல்லாததும், அவனைப்போல் பிறர்க்கு ஒருசொற் சொல்லாததும் குறையே என்று அவர்க்குப் பட்டது. அன்று மாலையே அடையாற்றுக்குச் சென்று நண்பரிடம் இதைக் கூறினார். நண்பர் கேட்டு, சூத்திரத்துக்கு இப்பொருள் உரையிற் காணப்படவில்லை என்றார். சற்றுப் பொறுத்து, “எப்பொழுது புறப்படலாம்?” என்றும் கேட்டார்.

இருவரும் சென்ற இடம் திருக்கழுக்குன்றம். மூவர் பதிகமும் பெற்றது. இறைவன் தம்மை இங்குக் காட்டியருளினமையை மணிவாசகப் பெருமான் பாடிய தலம். மலைமேல் வேதகிரீசுவரர் திருக்கோயில், 500க்கு மேற்பட்ட படிகளின் மேல் உள்ளது. நண்பகலில் இரு கழுகுகள் வந்து அமுதுண்டு செல்லும் காட்சியைக் காண நாடெங்கணுமிருந்து மக்கள் வந்த காலம் ஒன்றுண்டு. இப்பொழுது அவை வருவதில்லை. கால்நடைக்கு இடும் டைக்ளோபினாக் என்னும் மருந்து, செத்த உடலைத் தின்னும் கழுகுகளுக்கு நஞ்சாகி, இந்நாடு முழுவதும் அவற்றின் இனத்தை அழித்தது என்று கண்டு, 2006ஆம் ஆண்டில் அம்மருந்தைக் கால்நடைக்கு வழங்குதல் தடுக்கப்பட்டது. இம்மலைக்கு வந்த இணை எதனால் நின்றதாயினும், அவை அமர்ந்த பாறை வெறுமையாகவே இருக்கின்றது. கழுகில்லாத கழுக்குன்றத்துக்கு வருவார் தொகையும் முன்போலில்லை.

அன்பர் வழக்கமான படிவழியை விட்டு, ஒருகல் மண்டபம் என்னும் பல்லவர் குகைக்கோயில் இருக்கும் பக்கமாக ஏற விரும்பினார். பாதிமலையிலுள்ள அம்மண்டபத்தை அடைந்தபொழுது அவர் முழங்கால் மேலும் ஏற உடன்படவில்லை. வலி மிகுந்தது; உச்சி கண்ணுக்கெதிரே நின்றது. நண்பர் தோள்கொடுத்தார். நாலடி வைத்ததும் இயலாமல் இருவரும் மண்டபத்தின் முன்றிலிலேயே அமர்ந்தனர். 17ஆம் நூற்றாண்டில் அண்மையிலிருந்த சதுரங்கப்பட்டினத்து ஒல்லாந்தர் ஏறிவந்து தம் பெயர்களைத் தூண்களில் வெட்டி வைத்துள்ளனர். கோட்டையும் வாணிகமும் போயின, எழுத்து நிற்கின்றது. இதே மலைத்தலத்துக்குப் பழைய பல்லவ மன்னர் கந்தசிடியர் அளித்து, வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையர் காத்த அறக்கொடையைச் சோழ மன்னர் ஒருவர் மீண்டும் உறுதி செய்தமையும் கல்வெட்டால் அறியப்படுகின்றது. நண்பர் அவ்வரலாற்றைச் சொல்லிக்கொண்டே வந்தவர், அன்பரின் முகம் வாடியிருத்தலைக் கண்டு நிறுத்தினார்.

“நாவுக்கரசர் கயிலைக்குச் சென்றதை நினையுங்கள். கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பு தேய்ந்து, புரண்டும் சென்றார். சென்று சேர்ந்தாரா?”

“சேரவில்லை,” என்றார் அன்பர்.

“திரும்பிப் போ என்றுதானே இறைவன் அருளினான்? காவிரிக்கரையில் ஐயாற்றில் மலையில்லா நிலத்திற் கயிலையைக் காட்டினான். காரைக்காலம்மையார் அம்மலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து ஏறினார். அவர்க்கு அது, இவர்க்கு இது. தங்கள் முழங்காலுக்கு எது என்று இறைவன் வைத்திருக்கின்றானோ, யாரறிவார்?”

அன்பர் சற்றே நகைத்தார். நெடுநேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. கீழே சங்குதீர்த்தத்தின் நீர் வெயிலில் மின்னிற்று. தம் மனைவியார் இருந்திருந்தால் இவ்விடத்திலேயே கட்டுச்சோற்றை அவிழ்த்திருப்பார் என்று அன்பர் கூறினார். அவரைப்பற்றி அன்பர் பிறரிடம் வாய்திறந்து பேசியது அந்நாளிலேதான் என்பதை நண்பர் பின்னர் மற்றையோரிடம் சொன்னார்.

உச்சிக்குச் செல்லாமல் இறங்கி, மலையைச் சுற்றும் வழியிலே வலம் வருவது என்று முடிவாயிற்று. இறங்கும்பொழுது படியோரத்திற் கிடந்த புட்டியொன்றைக் கண்டு அன்பர் குனிய முயன்றார். முழங்கால் இடங்கொடுக்கவில்லை. நண்பர் அவர் கையிலிருந்த சாக்குப்பையை வாங்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, தாமே குனிந்து எடுத்தார். மலைவலம் முடிவதற்குள் பை நிறைந்தது. அடுத்த நிறைமதிக்குத் திருச்சுரம் என்றும், ஓதுவார் பயிற்சி பெறும் இளைஞர் இருவரையும் உடன் அழைத்து வருவது என்றும் பேருந்திலேயே பேசி முடித்தனர். குறடு ஒன்று போதாது, இன்னும் மூன்று வாங்கவேண்டும் என்றார் நண்பர்.